தாழ்ப்பாளுக்கு வெளியே நின்றவர்

“கதவைச் சாத்தாதீங்க.”

லோர்னா பிராஃபி மிசஸ் பாஸ்கோவின் வீட்டுக்குள் வந்ததும் சொன்னது அதுதான். ஹியூவன் ஆற்றுக் காற்று குளிரக் குளிர உள்ளே வந்தது. ஆனாலும் கதவைச் சாத்த எழுந்த மிசஸ் பாஸ்கோ திரும்ப உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வேலையில் தலை நரைத்து ஓய்வுபெற்றவர் அவர். வந்தவளின் கைமுட்டிகள் கன்றியிருந்ததை முதலிலேயே பார்த்துவிட்டார்.

ஒரு மாதமாகவே லோர்னாவின் வீட்டில் பூட்டிய கதவு திறந்து கிடக்கிறது, பொருள்கள் இடம் மாறுகின்றன. இன்று மத்தியானம் அடுப்பில் ஆப்பிள் ஜாமை ஏற்றிவிட்டுச் சர்க்கரை எடுக்கச் சாமான் அறைக்குள் போயிருக்கிறாள். பின்னால் கதவு மூடி, வெளித்தாழ்ப்பாள் விழுந்தது. விளக்கைப் போட்டாள், எரியவில்லை. கதவைக் குத்திக் குத்திக் கத்தினாள், யாரோ நடந்துபோகும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு ஜாம் தீயும் வாடை, பிறகு புகை. தோளால் இடித்து இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு வெளியே விழுந்தபோது, சமையலறைத் திரை எரிந்துகொண்டிருந்தது. தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு நேரே இங்கே ஓடிவந்திருந்தாள்.

சாவி வேறு இருவரிடம்தான் உண்டு. ஒருவர், அடுத்த மாதம் அவளைக் கல்யாணம் செய்து குயின்ஸ்லாந்துக்கு அழைத்துப்போகவிருக்கும் ஃபிராங்க். இன்னொருவர் அவளுடைய தம்பி கோலின். சிறுவயதில் தாயை இழந்து, அனாதை இல்லத்தில் அவளோடு வளர்ந்தவர்.

“கட்டிக்கப்போறவன்தான், சந்தேகமே இல்ல,” என்றார் டெஸ். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவர், மிசஸ் பாஸ்கோவின் பின்னறையில் குடியிருப்பவர்; உதவியாளர் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டவர். மிசஸ் பாஸ்கோ லோர்னாவின் பக்கம் திரும்பினார். விளக்கு எரியாததைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சுவிட வேண்டாம் என்று லோர்னாவிடம் சொன்னார்.

மூவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். சாமான் அறையில் பல்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மேல்தட்டில், துணியில் பத்திரமாகச் சுற்றியபடி ஒரு நல்ல பல்பு இருந்தது. மிசஸ் பாஸ்கோ ஃபிராங்க்கையும் கோலினையும் வரவழைத்தார். லோர்னாவை யாரோ உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார்.

ஃபிராங்க் பதறிப்போனார். “விளக்கையாவது போட்டுக்கிட்டு இருந்தியாம்மா?” என்றார். கோலின் அக்காவைக் கட்டிக்கொண்டார். “அந்தக் கும்மிருட்டுல எப்படித் தவிச்சியோ, அக்கா.”

மிசஸ் பாஸ்கோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “இருட்டுன்னு உங்களுக்கு யார் சொன்னது, கோலின்?”

“ஜன்னல் இல்லாத அறைதானே.”

“அதனாலதான் உள்ளேயே விளக்கு இருக்கு. ஃபிராங்க்கும் அது எரிஞ்சிருக்கும்னுதான் நினைச்சார். எரியலைங்கிறது எங்க மூணு பேரை விட்டா, பல்பைக் கழற்றின ஆளுக்குத்தான் தெரியும்.”

லோர்னா மெல்லத் தம்பியின் கையை விலக்கினாள். இல்லத்தின் மேற்பார்வைக்காரி, பிள்ளைகளைத் துணி அறையில் பூட்டுமுன் பல்பைக் கழற்றிக்கொண்டு போவாள். அது அங்கே இருந்தவர்களில் அவளுக்கும் கோலினுக்கும் மட்டும்தான் தெரியும்.

கோலின் மறுக்கவில்லை. அக்கா பயந்துபோனால் கல்யாணத்தை விட்டுவிட்டுத் தன்னைத் துணைக்குக் கூப்பிடுவாள் என்று நினைத்தாராம். “என்னை யார் வளர்த்தா? பூட்டித்தானே வச்சாங்க. வேற எதைக் கத்துக்கிட்டேன் நான்?”

“அதே அறையில நானும்தான் இருந்தேன், கோலின்,” என்றாள் லோர்னா. மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

“அவங்க கத்தினது கேட்டுதா?” என்று கேட்டார் மிசஸ் பாஸ்கோ.

“கேட்டுது.”

“புகை வந்தது?”

“பார்த்தேன்,” என்றார் கோலின். “பயமா இருந்துச்சு. போயிட்டேன்.”

“உங்களைப் பூட்டி வச்சது உங்க தப்பில்ல. அதுக்காக யார் அழுதாலும் தகும். ஆனா இன்னைக்கு அந்தக் கதவுக்கு வெளியே நின்னது குழந்தையில்ல. தாழ்ப்பாளைத் திறக்கக் கை எட்டுற ஆள்.”

சிறுவயதில் கோலின் பட்ட பாடு போதும், போலீஸ் வேண்டாமே என்று ஃபிராங்க் முணுமுணுத்தார். டெஸ்ஸும் ஆமென்று தலையாட்டினார். லோர்னா எரிந்த திரையைப் பார்த்தாள். “கூப்பிடுங்க,” என்றாள்.

போலீஸ் வண்டியில் ஏறுமுன் கோலின் திரும்பினார். “என்னைப் பார்க்க வருவியா, அக்கா?”

அவள் ஃபிராங்க்கின் சட்டைக் கையை இறுகப் பற்றியிருந்தாள்.

“வருவேன்,” என்றாள். “ஆனா தனியா வரமாட்டேன்.”