ஷோகேஸ் கண்ணாடியில் உம்மா

அன்று நான் எவ்வளவு பயந்தேன் என்பதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

எங்கள் சாய்ந்தமருதில், கடலுக்குக் கிட்ட உள்ள கிணறுகளில் தண்ணீர் ஏன் உப்பாகிறது? மண் நிரப்பிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வைத்து, நானும் வகுப்புத் தோழி ஹப்ஸாவும் அதை வீடியோவில் விளக்கினோம். விஞ்ஞானப் போட்டிக்காக. வீடியோவை இணையத்தில் ஒரு பகிர்வுத் தளத்தில் ஏற்றி, அதன் லிங்கை அனுப்ப வேண்டும். ஒரு குழு ஒரு தடவைதான் அனுப்பலாம். ஐந்து மணிக்கு நடுவர்கள் பார்க்கத் தொடங்குவார்கள்.

நாலு மணிக்கே அனுப்பிவிட்டேன். பிறகுதான் தம்பி பஹ்மி கத்தினான்.

"ராத்தா! இதுல உம்மாவும் வாறாவே!"

பார்த்தேன். நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். என் பின்னால் ஷோகேஸ் கண்ணாடியில், குளித்துவிட்டு வந்த உம்மா முக்காடு இல்லாமல் முடியை உதறுகிறார். முழுசாக ஏழு விநாடி!

வெளி ஆட்கள் முன்னால் உம்மா முக்காடு இல்லாமல் வந்ததே இல்லை.

உடனே வீடியோவை 'எனக்கு மட்டும்' என்று மாற்றினேன். இனி யாராலும் திறக்க முடியாது. நடுவர்களாலும்தான்! ஹப்ஸாவுக்குப் போன் எடுத்தேன்.

"அழிச்சிராத புள்ள! அழிச்சா லிங்கும் போயிரும். ரெண்டு கிழமை பாடுபட்டிருக்கம்!"

உம்மாவிடம் சொல்லாமலே சமாளித்துவிடலாமா? ஆனால் அது உம்மாவின் உருவம். சமையலறைக்குப் போய் அழுதுகொண்டே சொன்னேன்.

உம்மாவின் முகம் இறுகியது. "எத்தின பேர் பாத்தாங்க?"

"ஒருத்தரும் இல்ல உம்மா. பூச்சியம் எண்டு காட்டுது."

"அப்ப என்னத்துக்கு அழுறாய்? மறைக்க வழியப் பாரு!"

வீடியோவுக்காக நாங்கள் செய்திருந்த சிலைடுகளில் கிணற்று வரைபடம் ஒன்று இருந்தது. அதை எடுத்து, வீடியோவில் அந்த ஏழு விநாடியிலும் ஷோகேஸ் கண்ணாடிக்கு மேல் வைத்தேன்.

"உங்கட தலைக்கு மேல கிணறு வருது உம்மா. பரவாயில்லையா?"

"ஓம், ஓம். பெரிய கிணறாப் போடு!"

பழைய லிங்கிலேயே வீடியோவை மாற்றும் வசதி அந்தத் தளத்தில் இருந்தது. புதியதை ஏற்றினேன். பன்னிரண்டு வீதத்தில் நின்றுவிட்டது. மணி நாலு நாற்பது.

"மொட்டை மாடிக்கு வா ராத்தா, அங்கதான் சிக்னல்!" பஹ்மி ஓடினான். நானும் ஓடினேன். உம்மாவும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"இந்தா, என்ட டேட்டாவ எடு. கெதியா!"

நாற்பது... எழுபது... நூறு! 'லிங்க் உள்ள எல்லோருக்கும்' என்று மாற்றினேன். உம்மாவின் போனில் திறந்து பார்த்தோம். கண்ணாடி இருந்த இடத்தில் கிணறு மட்டும். மணி நாலு ஐம்பத்தேழு.

அடுத்த வாரம் முடிவு வந்தது. முதலிடம்! 'விளக்கும்போதே வரைபடம் தோன்றியது மிக நன்று' என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள்.

"அந்தக் கிணத்துக்குப் பின்னால ஆர் எண்டு அவங்களுக்குத் தெரியுமா?" ஹப்ஸா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கட்டாரில் இருக்கும் மாமா முதல் மருதமுனைச் சாச்சி வரை, அந்த லிங்கை எல்லோருக்கும் அனுப்பியது யார் தெரியுமா? உம்மாதான். முடிவு வந்த அன்று பின்னேரமே பார்வை இருநூறைத் தாண்டிவிட்டது!