தலை திரும்பிய மீன்

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்த மீன் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பூனைக்கு மாத்திரை கொடுத்தாயிற்று என்று அர்த்தம். மார்லிஸோ இப்போதுதான் மாத்திரைப் புட்டியைக் கையில் எடுத்திருந்தாள், மூடியைக்கூடத் திறக்கவில்லை.

அந்த ஏற்பாடு அவள் கணவர் வெர்லினுடையது. கொடுத்தவர் காந்தத்தைத் திருப்பிவிட வேண்டும். பூனை ஆலிவின் வலிப்பு மாத்திரைக்கு மீன், மார்லிஸின் இதய மாத்திரைக்கு வாத்து. ஆலிவைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மாத்திரை கொடுக்காமலே மீனைத் திருப்பிவிட்டு, போய் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். பூனை வெட்டி இழுக்கும்போதுதான் அவளுக்கு விஷயம் தெரியும். இலையுதிர் காலத்தில் மனுஷன் போய்ச் சேர்ந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை, வயிற்றெரிச்சல்தான் வந்தது.

நேற்றும் மீன் திரும்பியிருந்தது. தானே கொடுத்துவிட்டு மறந்திருப்போம் என்று நம்பி விட்டுவிட்டாள். விடிந்து பார்த்தால் ஆலிவ் நுரை தள்ளிக் கிடந்தது.

கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டாள். விட்டுப்போனால் ஞாபகம் வந்ததும் கொடுக்கலாம், இரண்டு வேளையைச் சேர்த்து மட்டும் கொடுக்கக் கூடாது என்றாள் அங்கிருந்த பெண்.

"வீட்டுல வேற யாராவது குடுத்திருப்பாங்களா, மார்லிஸ்?"

"யாரு இருக்கா? இருந்தப்பவே குடுக்காத மனுஷன், செத்தப்புறமா குடுக்கப்போறார்?"

போனை வைத்துவிட்டு மாத்திரைகளை எண்ணிப் பார்த்தாள்.

புட்டியில் மாத்திரை குறையவில்லை. பாலாடைக்கட்டிக்குள் ஒன்றைப் பொதிந்து கொடுத்தாள். ஆலிவ் விழுங்கும்வரை தொண்டையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ஹீட்டரின் முனகலோடு ஈரக் கம்பளியும் பழைய சுருட்டும் கலந்த ஒரு வாசனை கூடத்திலிருந்து மெல்ல மெல்லச் சமையலறைக்குள் வந்தது. ஆலிவ் முதுகை வளைத்து, வெர்லினின் நாற்காலியையே பார்த்தது. அங்கே தோல் மெத்தை கிறீச்சிட்டது, எடையுள்ள ஆள் எழுந்ததுபோல.

ஆலிவ் சீறியது. பிறகு, ஏதோ கடந்து வருவதைப் பார்ப்பதுபோல், தலையை மெதுவாகத் திருப்பியது.

மார்லிஸுக்கு நெஞ்சு படபடத்தது. ஒரு வேளை மாத்திரை தப்பினாலும் தாங்காத இதயம் அது. தன் மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

பின்னால் சர்ரென்று ஓர் உரசல்.

குளிர்பெட்டிக் கதவில் வாத்து திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக. வலப்பக்கம்.

கையை விரித்தாள். ஒன்றுமில்லை.

கூடத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.