கயலாற்றின் நடுவே ஒரு நகரம்

மேற்குக் குன்றுகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கத் தொடங்கியிருந்த தைப் பௌர்ணமி மாலையில், கயலாற்றின் நீர்ப்பரப்பு மஞ்சள் பூசிக் குளித்த முகம் போல் பளபளத்துக்கொண்டிருந்தது. வடகரையில் கொன்றைமாநகரின் மதில்களும் மாடங்களும் நிமிர்ந்து நின்றன. தென்கரையில் தாழைத்துறையின் கோபுரமும் கலங்கரை விளக்கமும் அவற்றை முறைத்துக்கொண்டிருந்தன. தன் இரு புறமும் இரண்டு ஊர்கள் மல்லுக்கு நிற்பதைப் பற்றிச் சிறிதும் கவலைப்படாமல் ஆறு தன் போக்கில் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அன்பு வாசகர்களே, அந்த மல்லுக்கட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை உங்களுக்கு விளங்காது. கொன்றைமாநகரார் கடைவீதியை அகலமாக்கினால் தாழைத்துறையார் மறுமாதமே தங்கள் கடைவீதியை இன்னும் இரண்டு முழம் அகலமாக்கக் கடைகளை இடிப்பார்கள். தாழைத்துறையில் இரட்டைக் குழந்தை பிறந்ததென்று முரசு கொட்டினால் கொன்றைமாநகரில் புதிதாக மணமானவர்களை ஊரே ஏறிட்டுப் பார்க்கும். இத்தனைக்கும் இந்தக் கரைப் பெண்ணை எடுக்காத வீடு அந்தக் கரையில் கிடையாது. மாமனும் மைத்துனனும் கட்டிப் புரண்டு சண்டையிடுவதும், பிறகு ஒரே இலையில் உண்பதும் அங்கே வாடிக்கையாக இருந்தது.

இந்த ஆண்டு அந்தப் போட்டி முற்றிவிட்டது. மாமன்னரின் ஆட்சியில் செல்வத்திலும் குடிகளின் எண்ணிக்கையிலும் எந்த நகரம் அதிகம் வளர்ந்திருக்கிறதோ, அதன் கரையில் புதிய கப்பல் தளம் அமையும் என்று அரச கட்டளை வந்திருந்தது. செல்வத்தை அரசரின் ஆள் ஒருவர் மாறுவேடத்தில் வந்து பார்த்துப் போவார். குடிகளை அறியவோ, தைப் பௌர்ணமியன்று மதி எழும்போது ஆளுக்கொரு விளக்கை ஏந்தி அவரவர் கரையில் நிற்க வேண்டும்.

அதே மாலையில் கொன்றைமாநகரின் நெசவாளர் தெருவில், தலையில் பெரிய பாகையும் தோளில் வளையல் பெட்டியுமாக ஓர் இளைஞன் நடந்துகொண்டிருந்தான். அவன் தாழைத்துறைக் குதிரைப்படையின் தலைவன் எழினியாதன். எதிரி நகரத்தின் வளர்ச்சியை வேவு பார்க்க வந்தவன், பார்க்கப் பார்க்க நெஞ்சம் கனத்துப் போனான். முன்பு முட்புதர் மண்டிக் கிடந்த இடத்தில் தறிகள் வரிசையாக ஓடின. அரபு தேசத்துக் குதிரைகளுக்கென்று தனிக் கொட்டடி எழுந்திருந்தது. எட்டிப் பார்த்த வீடுகளில் எல்லாம் தூளி ஆடியது.

அவனுக்குக் கப்பல் தளத்தைப் பற்றிப் பெரிய கவலையில்லை. கொன்றைமாநகரின் நகரத்தலைவர் அரங்கநம்பி, "என் நகரத்தை விடச் சிறிய நகரத்தில் என் பெண்ணைக் கொடேன்" என்று கோயில் விளக்கின் முன் சபதம் செய்திருந்தார். அந்தப் பெண்தான் பூதிமங்கை. அவள் இல்லாத வாழ்வை எழினியால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

தெருமுனைப் பூந்தோட்டத்தில் பூதிமங்கை அவனை வழிமறித்தாள்.

"வளையல் செட்டியாரே, உள்ளங்கை முழுவதும் வாள் பிடித்த காய்ப்பு. எங்கள் ஊரார் வேறு அவசரத்தில் இருப்பதால் பிழைத்தீர்கள்" என்றாள்.

"மங்கை, கேலி பேசும் நிலையில் நான் இல்லை. உன் நகரம் எங்களை மிஞ்சிவிட்டது. கண்ணால் கண்ட பிறகு எப்படி மறுப்பேன்?"

"அது கிடக்கட்டும். நான் சொல்லியனுப்பியது நடந்ததா?"

"நடந்தது. இந்த ஊர்ச் சம்பந்திகளை எல்லாம் இன்று மாலை விருந்துக்கு அழைத்தால் அவர்களும் நம் கரையில் விளக்கேந்துவார்கள் என்று எங்கள் தலைவரிடம் சொன்னேன். இப்போது அது தம் சொந்த யோசனை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். ஆனால் மங்கை, உன் தந்தைக்கு நீயே குழி பறிக்கலாமா?"

"நான் ஒருவருக்கும் குழி பறிக்கவில்லை. ஓடத்துறைக்குப் போங்கள், மதி எழப் போகிறது" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவள் மறைந்தாள்.

ஓடத்தில் அவனுக்கு எதிரே பருத்த உப்பு வணிகர் ஒருவர் வெற்றிலைப் பெட்டியுடன் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். சுண்ணாம்பைத் தடவியபடியே பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"தாழைத்துறை, ஐயா."

"இரண்டு ஊரையும் சுற்றி வியாபாரம் செய்கிறவன் நீ. நெஞ்சைத் தொட்டுச் சொல், எது அதிகம் வளர்ந்திருக்கிறது?"

இவர் அரசரின் ஆளாக இருந்தால் என்ற எண்ணம் எழினிக்கு ஒரு கணம் தோன்றியது. ஒரே ஒரு பொய் போதும். தாழைத்துறை வென்றாலும் வெல்லும், அவளும் கிடைப்பாள். தறிகளும் தூளிகளும் கண்முன் வந்தன. பொய் சொல்ல மனம் வரவில்லை.

"கொன்றைமாநகர்தான், ஐயா. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு வேதனை என்று உங்களுக்குத் தெரியாது" என்றான்.

 வணிகர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அவனையே பார்த்தார்.

நடு ஆற்றை அடைந்தபோது ஓடம் நின்றது. முன்னால் வழியில்லை. தென்கரையிலிருந்து தோணிகளும் பரிசல்களும் கட்டுமரங்களும் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தன. வடகரையிலிருந்தும் அதே போல் வந்து நடுவில் முட்டிக்கொண்டன. எல்லாவற்றிலும் பட்டுடுத்திய குடும்பங்கள், பலகாரக் கூடைகள், ஏற்றாத விளக்குகள்.

"சம்பந்தி, எங்கே கிளம்பிவிட்டீர்கள்?"

"உங்கள் வீட்டுக்குத்தான் விருந்துக்கு வருகிறோம். நீங்கள் எங்கே?"

"நாங்களும் உங்கள் வீட்டுக்குத்தான். உங்கள் அண்ணன் வெற்றிலை வைத்து அழைத்தாரே."

"என்னையும் உங்கள் தம்பி வெற்றிலை வைத்தல்லவா அழைத்தார். வெற்றிலை வாங்கிய பிறகு வராமல் இருக்க முடியுமா?"

வாசகர்களே, கயலாற்றுக் கரையில் கழுத்துக்குக் கத்தி வந்தாலும் வருவார்களே தவிர, வெற்றிலை வைத்த அழைப்பை மறுக்க மாட்டார்கள். இரண்டு நகரத்தலைவர்களும் ஒரே தந்திரத்தைச் செய்திருந்தார்கள். இரண்டு நகரங்களும் சுத்தமாகக் காலியாகி ஆற்றுக்குள் வந்து நின்றன. முதலில் சிலர் திட்டினார்கள். யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு ஆறு முழுவதும் சிரிப்பாகிவிட்டது. பலகாரக் கூடைகள் தோணி விட்டுத் தோணி தாவின.

கீழ்வானில் முழுமதி எழுந்தது. கரைகள் இரண்டும் இருண்டு கிடக்க, வழக்கம் தவறக் கூடாதே என்று மக்கள் நின்ற இடத்திலேயே விளக்கேற்றினார்கள். நடு ஆற்றில் பெரிய நகரம் ஒன்று கண்விழித்தது.

எழினிக்கு அப்போதுதான் விளங்கியது. பக்கத்துத் தோணியில் தந்தையின் அருகே நின்ற பூதிமங்கையைப் பார்த்தான். தனக்குச் சொல்லியனுப்பிய அதே யோசனையை அவள் தந்தையின் காதிலும் போட்டிருக்கிறாள். அவள் ஒன்றும் அறியாதவள் போல் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள்.

உப்பு வணிகர் எழுந்து நின்றார். ஓடம் ஒருமுறை ஆடியது. அவர் இடுப்பிலிருந்து யாளி முத்திரை பதித்த மோதிரத்தை எடுத்து விளக்கொளியில் உயர்த்தினார்.

"நான் அரசரின் ஆணைகளை எழுதும் ஓலைநாயகம், பரிதியார். இரு கரையிலும் ஒரு விளக்கும் இல்லை. எல்லா விளக்கும் ஒரே இடத்தில் எரிகிறது. ஆகவே இங்கே இருப்பது ஒரே நகரம். கப்பல் தளம் இரு கரையிலும் பாதிப் பாதியாக அமையும். இரு ஊர்ச் சபைகளும் இனி ஒரு சபையாகக் கூட வேண்டும். அரசர் பெயரால் இதை ஆணையிடுகிறேன்."

மக்கள் ஆரவாரம் செய்தார்கள். அரங்கநம்பி மட்டும் முகம் சிவந்து நின்றார்.

"ஆணையை ஏற்கிறேன். ஆனால் செல்வத்தில் வளர்ந்தது எங்கள் நகரம்தான் என்பதைத் தாங்கள் காணவில்லையா?"

"கண்டேன். காலை முதல் நூறு பேரைக் கேட்டேன். அவரவர் ஊரைத்தான் அவரவர் புகழ்ந்தார்கள். மாற்றானின் ஊரே பெரிது என்று சொன்னவன் ஒருவன்தான். இதோ இந்தத் தாழைத்துறைக்காரன். வளையல் பெட்டி சுமக்கிறான், முதுகைப் பார்த்தால் குதிரைவீரன் போல் இருக்கிறது."

அரங்கநம்பி பாகை அணிந்த இளைஞனை உற்றுப் பார்த்தார்.

"எழினியாதன் அல்லவா? உன் ஊர் சிறியது என்றால் என் மகள் உனக்கு இல்லை என்பது தெரியாதா உனக்கு?"

"தெரியும், ஐயா."

"தெரிந்துமா சொன்னாய்?"

"உங்கள் தறிகளைக் கண்ணால் பார்த்துவிட்டேன், ஐயா. என்னால் வேறு சொல்ல முடியவில்லை."

 அரங்கநம்பியின் கண்கள் கலங்கியதைப் பக்கத்துத் தோணிக்காரர்கள் பார்த்தார்கள். பிறகு தோணியின் விளிம்பில் முழந்தாளிட்டுக் குனிந்தார்.

"சிறிய நகரத்தில் கொடேன் என்றேன். இப்போது இருப்பது ஒரே நகரம். என் சபதம் பழுதில்லை. கையை நீட்டு, அப்பா. பூதி, நீயும்தான்."

மகளின் கையை எழினியின் கைமேல் வைத்து, கயலாற்று நீரை இரு கையாலும் அள்ளி அவர் தாரை வார்த்தார். இரண்டு ஊர்ச் சனமும் சாட்சியாக நின்றது.