கடைசி ஆளுக்குப் பின்னால்

பூட்டிக் கிடக்கும் ஏலக்காய்க் கிடங்குக்கு நாகஸ்ரீ நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. அவளுக்குக் கொஞ்சம் பின்னால் நான் வந்தேன். அதுதான் என் வேலை. ஓடுகிறவர்களில் கடைசியாக வருகிறவருக்கும் பின்னால் நடந்து, வழிகாட்ட மரங்களில் கட்டியிருக்கும் ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டும். எனக்குப் பின்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். இருக்கக் கூடாது.

எங்கள் குடகு ஓட்டத் தொடர் மழையோடு தொடங்கிக் காப்பி பறிக்கும் காலத்தில் முடியும். ஐந்து மலை, ஐந்து ஓட்டம், ஒவ்வொன்றும் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஐந்தையும் நேரத்துக்குள் முடித்தவருக்குப் பணமோ கோப்பையோ கிடையாது, ஒரு கறுப்புக் கம்பளி கிடைக்கும். அதற்காக மனிதர்கள் கால் நகம் கழன்று விழ ஓடுகிறார்கள். நானும் முழங்கால் நன்றாக இருந்த காலத்தில் ஓடி ஒன்று வாங்கியவன்தான். அதனால் அவர்களைப் பைத்தியம் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

தொடரை நடத்துகிறவள் என் பெரியப்பா மகள் காவேரம்மா. விதி எழுதுவதென்றால் அவளுக்குச் சாப்பாடு வேண்டாம். தேன்கூட்டின் மீது கல்லெறியக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது என்றால், எறிந்த புண்ணியவான் ஒருவன் இருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் பை விதியைப் பற்றி மட்டும் நாங்கள் யாரும் சிரிப்பதில்லை.

வயிற்றுக் கோளாறு, அவசரம், எதுவானாலும் பாதையை விட்டு இறங்குகிறவர் முதுகுப் பையைக் கழற்றிப் பாதையின் நடுவில் வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். பையை அவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. கடைசி ஆள், அதாவது நான், அந்தப் பை எடுக்கப்படும் வரை அதைத் தாண்டக் கூடாது.

இது யதீஷால் வந்த விதி. புத்தூர்க்காரர். எப்போதும் கடைசியில் வருவார், சிரித்துக்கொண்டே வருவார், உடம்பெல்லாம் வலித் தைலம் மணக்கும். போன பருவத்தில் இதே நான்காவது ஓட்டத்தில், இந்தக் கிடங்கைத் தாண்டிய காட்டில், வயிறு சரியில்லாமல் புதருக்குள் போயிருக்கிறார். அப்போது கடைசி ஆளாக வந்த பெங்களூர்ப் பையன் அது தெரியாமல் அவரைத் தாண்டிப் போய்விட்டான், போகிற போக்கில் ரிப்பன்களையும் அவிழ்த்துக்கொண்டு. யதீஷ் வெளியே வந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. எந்த மரத்திலும் ரிப்பன் இல்லை. வண்டியேறிப் போய்விட்டார் போலிருக்கிறது என்று முடிவுக்கோட்டில் எழுதிவிட்டார்கள். பல நாள் கழித்துப் பள்ளத்து ஓடையில் உடம்பு கிடைத்தது.

பை மட்டும் கிடைக்கவே இல்லை.

"இந்தக் காலோட போறியாம்மா? ஜீப் சும்மாதான் நிக்குது, ஏறி உக்காந்துக்க" என்றார் கிடங்குத் திண்ணையில் ஓட்டக்காரர்களுக்கு வெல்லக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெள்ளியப்பா.

நாகஸ்ரீ மைசூரில் பல் மருத்துவர். தன் கணுக்காலைப் பார்க்கவே மறுத்தாள். "மூணு ஓட்டம் முடிச்சாச்சு அண்ணா. இதை விட்டா கம்பளி போச்சு. எங்க வீட்டுக்காரர் ஏற்கெனவே, 'கம்பளிதானே, கடையில வாங்கித் தரேன், விடேன்'னு கிண்டல் பண்ணிட்டிருக்கார்."

"அஞ்சு மணிக்கு முடிவுக்கோட்டை மூடிருவா காவேரம்மா. சாமியே வந்தாலும் விட மாட்டா."

"சாமி நடந்து வரட்டும், நான் ஓடறேன்" என்று அரிசி மாவில் சுட்ட அக்கி ரொட்டியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

"வா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன் நான். களைத்த ஓட்டக்காரர்கள் எல்லோரிடமும் நான் சொல்கிற வார்த்தை இது. சொல்லிச் சொல்லி அதில் அர்த்தமே தேய்ந்துவிட்டது.

காட்டுக்குள் நுழைந்ததுமே, "மாடு ஓட்டற மாதிரி பின்னாடியே வந்து மூச்சு விடாதீங்கண்ணா, கொஞ்சம் தள்ளி வாங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். நானும் தள்ளியே நடந்தேன். முதலில் அவளுடைய சிவப்புச் சட்டை தெரிந்தது. பிறகு காலடி மட்டும் கேட்டது. பிறகு மூடுபனி மலையிலிருந்து இறங்கி மரங்களுக்கிடையே நிறைந்தது, அதுவும் கேட்கவில்லை.

சில்வண்டுகள் ஒரே நேரத்தில் அடங்கின.

நான் ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே போனேன். இளஞ்சிவப்புத் துணி, நனைந்து விரலில் ஒட்டியது. வெகு நேரம் அப்படிப் போன பிறகுதான் இடுப்பில் தொங்கிய துணிப்பை கனக்கவே இல்லை என்பது உறைத்தது. கையை விட்டுப் பார்த்தேன்.

பை காலியாக இருந்தது.

அடியில் ஓட்டை ஏதும் இல்லை. வழியில் சிந்தியிருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

நான் அவிழ்த்த ரிப்பன்கள் எல்லாம் மரங்களில் திரும்பக் கட்டப்பட்டிருந்தன. கண்ணுக்கு எட்டியவரை, மூடுபனிக்குள் மங்கி மறையும் வரை, ஒரு மரம் விடாமல். எங்கள் ஆட்கள் சும்மா ஒரு சுருக்குத்தான் போடுவார்கள். இவை முடிச்சின் மேல் முடிச்சாக, இனி யாரும் அவிழ்க்கவே கூடாது என்று பயந்தவன் கட்டியது போல இருந்தன.

யாரோ விளையாடுகிறான் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் விளையாட?

ஓடலாம் என்று முன்பக்கம் திரும்பினேன். பாதையின் நடுவில் ஒரு முதுகுப் பை இருந்தது.

சற்று முன் அது அங்கே இல்லை. நாகஸ்ரீயின் பை பச்சை, இது மஞ்சள். பாசி பிடித்து, வார்களில் வேர் ஓடி, மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வந்தது போல இருந்தது. அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காட்டில் காலை வைத்த இடமெல்லாம் அட்டை நெளியும். அதைச் சுற்றி மட்டும் ஒரு அட்டைகூட இல்லை. வலித் தைலத்தின் மணம் மூக்கில் ஏறியது.

வாக்கி டாக்கியை எடுத்தேன்.

"அக்கா, பாதையில ஒரு பை இருக்கு."

"அப்போ நில்லுடா. இதைக்கூட நான் சொல்லணுமா?" காவேரம்மாவின் குரலுக்குப் பின்னால் முடிவுக்கோட்டின் கைதட்டலும் பாட்டும் கேட்டன. "யாரோடது? பைச்சீட்டு என்ன நிறம்?"

இந்த வருடம் எல்லோர் பையிலும் நீலச் சீட்டு கட்டியிருந்தோம். நான் குனிந்து பார்த்தேன்.

"ஆரஞ்சு."

ஆரஞ்சு போன பருவத்தின் நிறம்.

"நானய்யா, அதைத் தொடாதே" என்றாள் காவேரம்மா. அவள் குரல் இப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. "தாண்டி வந்துடு. சீக்கிரம் வா."

"தாண்டக் கூடாதுன்னு நீதானே அக்கா எழுதினே?"

பதில் வருமுன் வாக்கி டாக்கி இரைந்து அணைந்துபோனது.

அப்போது பாதைக்குக் கீழே புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவான குரல், கொஞ்சம் வெட்கத்தோடு.

"அண்ணா... போயிடாதீங்க. இதோ வந்துட்டேன்."

ஓட வேண்டும் போல இருந்தது. அதே சமயம் அந்தக் குரல் என்னை அழ வைத்துவிடும் போலவும் இருந்தது. ஒரு வருடமாக அந்த மனிதன் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறானா?

நின்றேன். விதிக்காக நின்றேனா, கால் வராமல் நின்றேனா என்று இன்றுவரை தெரியாது. புதரில் இலைகள் அசைந்தன. ஆள் வரவில்லை. மறுபடி, இன்னும் கிட்டத்தில், "இதோ வந்துட்டேன்."

திடீரென்று, மூடுபனியில் எந்தப் பக்கமென்று தெரியாத ஒரு விசில் சத்தம். மூன்று முறை. உயிருக்கு ஆபத்து என்றால்தான் ஓட்டக்காரர் மூன்று முறை ஊதலாம்.

நாகஸ்ரீ!

இங்கே ஒரு செத்தவன், அங்கே உயிரோடு ஒருத்தி. கணுக்கால் வீங்கியவள், பக்கத்திலேயே பள்ளம். எனக்கு வேறு வழி இல்லை.

"யதீஷ், நான் போயாகணும்" என்று புதரைப் பார்த்துக் கத்தினேன். வாய் தன் பாட்டுக்குப் பழகின வார்த்தையைச் சொல்லியது. "பின்னாலேயே வா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பையைத் தாண்டி ஓடினேன். முழங்கால் கத்தியது, நிற்கவில்லை. ஒரு வளைவில் நாகஸ்ரீ கல்லின் மேல் உட்கார்ந்து கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு? எதுக்கு விசில் அடிச்சே?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். அவளுடைய விசில் பிரிக்காத உறையோடு பை வாரில் தொங்கியது.

"நான் அடிக்கலையேண்ணா" என்றாள். "உங்களுக்குப் பின்னாடி இருந்துதானே வந்துச்சு?"

அப்போதுதான் புரிந்தது. நானும் அவரைத் தாண்டி வந்துவிட்டேன். அவர் விசில் ஊதி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் நான் அவரை விட்டு ஓடியிருக்கிறேன்.

"எழுந்திரு. போகலாம்" என்றேன்.

"அண்ணா, உங்க பின்னாடி வர்றது யாரு?"

"திரும்பாதே. நட."

மிச்ச வழி முழுவதும் அந்தக் காலடி எங்களைத் தொடர்ந்தது. நாங்கள் விரைந்தால் அதுவும் விரைந்தது. ஈரக் காலணி சேற்றில் பதிந்து பிடுங்கும் சத்தம். இடையிடையே ஈரத் துணியை இறுக்கி இழுப்பது போல ஒரு சத்தம் வேறு. ரிப்பன்களில் மேலும் முடிச்சு போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு ரிப்பனையும் நான் தொடவில்லை.

மணி ஐந்தாகும் நேரத்தில் நாகஸ்ரீ முடிவுக்கோட்டைத் தாண்டி விழுந்தாள். அவளுடைய நம்பர் அட்டையைப் பார்த்து, கோட்டில் விரித்திருந்த நேரம் பதியும் தரைவிரிப்புக் கருவி பீப் என்றது. நான் தாண்டியபோது அது பேசவில்லை, எனக்கு அட்டை கிடையாது. காவேரம்மா வெளுத்துப்போய் நின்றிருந்தாள்.

"கோட்டை மூடாதே அக்கா. இன்னும் ஒருத்தர் இருக்கார்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், காட்டைப் பார்த்தாள். தன் பிள்ளைக்குக்கூட ஒரு நொடி சேர்த்துக் கொடுக்காதவள், அன்று ஐந்து மணி தாண்டியும் கோட்டை மூடவில்லை. பாட்டை நிறுத்தச் சொன்னாள். எல்லோரும் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை.

"இருட்டப் போகுதுடா" என்றாள் கடைசியில். "எத்தனை நேரம்தான் ஜனங்களை நிறுத்தி வைப்பேன்?" தரைவிரிப்பைச் சுருட்டச் சொல்லிக் கை காட்டினாள்.

சுருட்டிய பையன்தான் முதலில் பார்த்தான். காட்டிலிருந்து ஈரக் காலணித் தடங்கள் நேராக வந்திருந்தன. கோட்டுக்கு ஒரு அடி முன்னால், இரண்டு பாதமும் சேர்ந்து, நின்றிருந்தன. அதற்கு மேல் தடம் இல்லை.

காவேரம்மா அங்கேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது ஓட்டத்துக்கு நான் போகவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். ஓட்டத்தன்று காலை நல்ல வெயில், மழை விட்டு மாதக்கணக்காகியிருந்தது. தோட்டத்தில் ஆட்கள் காப்பி பறித்துக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் கோழிக்கூட்டைச் சரிசெய்துகொண்டிருந்த என்னை என் மனைவி தேச்சம்மா கூப்பிட்டாள்.

"என்னங்க, யாரோ விருந்தாளி வந்திருக்கார் போல. பையை வாசல்ல வெச்சுட்டு எங்க போனாரு? சொட்டச் சொட்ட நனைஞ்சு கிடக்கு."

வாசலுக்கு ஓடினேன். கேட்டிலிருந்து வீடு வரை வழிநெடுகக் காப்பிச் செடிகளில் இளஞ்சிவப்பு ரிப்பன்கள், முடிச்சின் மேல் முடிச்சாக. கடைசி ரிப்பன் எங்கள் வாசல் தூணில். அதன் கீழே மஞ்சள் பை, ஆரஞ்சுச் சீட்டோடு.

தேச்சம்மா அதை எடுக்கக் குனிந்தாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"தொடாதே. அவர்தான் எடுக்கணும்."

"எவர்?"

இந்த முறை தாண்டிப் போவதில்லை என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் திட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள். நான் பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பறிக்கிற ஆட்கள் ஏதோ கேட்டுக் கூப்பிட, ஒரே ஒரு முறை தலையைத் திருப்பினேன்.

திரும்பிப் பார்த்தபோது பை இல்லை.

படியில் ஈரத் தடம் இருந்தது. அது வெளியே போகவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி, கூடத்தின் வழியே படுக்கையறைக்குப் போயிருந்தது. அறை முழுவதும் தைல மணம். கட்டிலில் என் பழைய கறுப்புக் கம்பளி தலைவரை இழுத்துப் போர்த்தியிருந்தது. அதற்கு அடியில் நீளமாக ஒரு மேடு. களைத்துத் தூங்குகிறவரின் மார்பைப் போல அது மெல்ல ஏறி இறங்கியது.

"என்னங்க, வந்தவர் உள்ள வந்துட்டாரா?" என்று அடுக்களையிலிருந்து தேச்சம்மா கேட்டாள். "காப்பி போடட்டுமா?"

போடு என்றேன். வேறு என்ன சொல்ல? கூப்பிட்டவன் நான்தானே.