சத்தம் வந்தா வாங்க

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வாசலுக்கு நேரே, கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டிரம்மின் மேல் கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கு எதிரே சுவரோரப் பெஞ்சில், தன் வண்டியின் கதவுக் கீல் பற்றவைக்க வந்திருந்த லாரி டிரைவர். உள்ளே மேசைக்குப் பின்னால், தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பட்டறையை நடத்தும் அக்கா. கண்ணாடிக்காரரின் மகள் எங்கும் உட்காரவில்லை. மீதமிருந்த ஒரே நாற்காலிக்குக் கால் மூன்றுதான். ஐந்தாவது ஆள் அக்காவின் தம்பி. அவன் ட்ரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெளியே தெரிந்தவை இரண்டு பாதங்கள் மட்டும்... அதில் ஒரு செருப்பு அறுந்து, மின்கம்பியால் கட்டப்பட்டிருந்தது.

ஊர் வண்டியையெல்லாம் பற்றவைக்கிறவனுக்குச் சொந்தச் செருப்பைத் தைக்க நேரமில்லை போலும் என்று கண்ணாடிக்காரரின் மகள் உதட்டைச் சுழித்தாள். அவனைப் பற்றி முதன்முதலாக நினைத்தது ஒரு குறையாகவா இருக்க வேண்டும் என்று, பின்னால் எத்தனையோ நாள் வருந்தினாள்.

மழைக்காகத்தான் அங்கே ஒதுங்கினார்கள். அப்பாவின் ஜீப், அது இழுத்து வந்த ட்ரெய்லர், அதில் சாய்த்துக் கட்டிய நிலைக்கண்ணாடிகள். காலையிலிருந்து ஒரே சத்தம். பிரேக்கைத் தொட்டால் டொக்... வேகம் எடுத்தால் டக்... பள்ளத்தில் இறங்கினால் கடகடவென்று குலுக்கல். பன்னிரண்டாகப் புறப்பட்ட கண்ணாடிகளில் ஒன்று பாதி வழியிலேயே விரிசல் விட்டிருந்தது. அது கீழே இருக்கும் வில்பட்டையின் சத்தம் என்று அப்பா அடித்துச் சொல்லியிருந்தார். ட்ரெய்லரை ஜீப்போடு பூட்டும் கொக்கி அவரே நின்று செய்ய வைத்தது. அதில் கோளாறு இருக்க முடியாது.

அவள் ஒரு கண்ணாடியில் வழிந்த மழைத்தண்ணீரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் முதலில் அவள் முகம் தெரிந்தது. அதன் பின்னால், தோளுக்கு மேலே, இரண்டு கண்கள்... கரி படிந்த முகத்தில் அந்த இரண்டு இடம் மட்டும் மழை கழுவிவிட்ட மாதிரி. அவள் திரும்பவில்லை. கண்ணாடியிலேயே பார்த்தாள். அவனும் கண்ணாடியைத்தான் பார்த்தான். எதிரெதிரே நின்றிருந்தால் இருவரில் ஒருவராவது கண்ணைத் தாழ்த்தியிருப்பார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா... நீங்க நிக்கிறது என் ஸ்பேனர் மேல," என்றான் அவன்.

பெஞ்சிலிருந்த லாரி டிரைவர் இருமலில் சிரிப்பை மறைத்தார்.

அந்த ஊரில் அவனைக் 'காது' என்றுதான் கூப்பிட்டார்கள். கோளாறைக் கண்ணால் தேடமாட்டான். நீண்ட திருப்புளியின் முனையை இரும்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பான். அப்பாவை ஜீப்பில் ஏற்றி, முன்னுக்கும் பின்னுக்கும் சாண் அளவு நகர்த்தச் சொன்னான். கேட்டுவிட்டு, திருப்புளியை அவளிடம் நீட்டினான்.

அவள் குனிந்து காதில் வைத்தாள். டக்... கிணிங்... டக்... கிணிங்...

"ரெண்டு சத்தம் வருதே?" என்றாள்.

"டக்குங்கிறது கொக்கி. கிணிங்குங்கிறது உங்க வளையலுங்க."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டு, மறுபடி கேட்டாள். இப்போது ஒன்றுதான்.

ஜீப்பின் பின்னால் ஒரு சதுரக் குழாய். கொக்கியின் தண்டு அதற்குள் நுழைந்து, குறுக்கே ஓர் இரும்பு ஆணி போட்டு நிற்கும். தண்டுக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி. அந்த இடைவெளியில்தான் இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்கின்றன என்று அவளுக்கு விளங்க வைத்தான். மேசையிலிருந்து பழைய விளம்பர அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக அந்தச் சந்தில் செருகச் சொன்னான். ஒன்பது அட்டை போயின. பத்தாவது போகவில்லை. அந்த ஒன்பது அட்டைக் கனத்துக்கு ஓர் ஆப்பு வைத்து, யூ மாதிரி வளைந்த போல்ட்டால் சுற்றி இறுக்கினால் ஆட்டம் நிற்கும். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் நட்டை இன்னொரு முறை இறுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னான். அவளும் பரீட்சைக்குப் படிப்பவளைப் போல் கேட்டுக்கொண்டாள்.

அத்தோடு போயிருக்கலாம். அப்பா ஜீப்பிலிருந்து இறங்கிவந்தார்.

"இருபது வருஷமா இதைத்தான் இழுக்கிறேன் தம்பி. கொக்கியில ஒண்ணும் இல்ல."

"இருபது வருஷமா எத்தனை கண்ணாடி உடைஞ்சுதுங்க?" என்றான் அவன். வேடிக்கையாகத்தான் கேட்டான்.

லாரி டிரைவர் இந்த முறை இருமவில்லை. வாய்விட்டே சிரித்துவிட்டார். அப்பாவின் முகம் சுண்டிப்போனது. டிரம்மில் போய் மழையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சொன்னவனுக்கும் சொன்னபிறகுதான் உறைத்தது. பார்வையால் அவளிடம் மன்னிப்புக் கேட்டான்... அவள் அப்பாவின் மகள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் ஒரு மரத்துண்டைச் சீவி, விரல் நீள ஆப்பாக்கி, சந்தில் அடித்தான். போல்ட்டைச் சுற்றி இறுக்கினான். மழை விட்டிருந்தது. கிளம்பும்போது, ஜன்னல் பக்கம் வந்து நின்றான்.

"இது மரம். ரொம்ப நாள் தாங்காது. சத்தம் வந்தா வாங்க... இரும்புல போட்டுத் தரேன்."

இன்னும் ஏதோ சொல்ல வந்தவன் போல் கதவின் விளிம்பைப் பிடித்திருந்தான். ஜீப் நகர்ந்தது. ட்ரெய்லர் பூனை மாதிரி பின்னால் வந்தது.

இனி ரிப்பேருக்கு அந்தப் பட்டறைப் படியை மிதிக்கக் கூடாது, ஆடினால் நாமே பார்த்துக்கொள்வோம் என்று அப்பா வழியிலேயே சொல்லிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள், கடைத்தெரு வளைவில், மெல்ல ஒரு டொக். அவள் நெஞ்சு துள்ளியது. அப்பாவும் அதைக் கேட்டார். அன்று சாயங்காலமே கடையின் பின்கட்டில் ஓர் இரும்புப் பட்டையை எடுத்துவைத்து, "உனக்கு அளவு தெரியுமில்ல அம்மாடி?" என்றார்.

தெரியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லில் எல்லாம் மாறியிருக்கும். ஆனால் அவளுக்கும் ஒரு வீம்பு இருந்தது. ஒருமுறை காட்டியதை எப்படிப் பிடித்துக்கொண்டாள் பார் என்று யாருக்கோ காட்ட வேண்டியிருந்தது. ஒன்பது அட்டைகளை அடுக்கி அளவெடுத்தாள். அரத்தால் தேய்த்துத் தேய்த்து, மயிரிழை பிசகாமல் இரும்பு ஆப்பு செய்தாள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் நட்டை மறக்காமல் இறுக்கினாள். கழற்றிய மரத்துண்டை மட்டும் வளையல் பெட்டியில் போட்டுவைத்தாள்.

அதோடு சத்தம் நின்றது... ஒரேயடியாக நின்றது.

தான் ஓட்டும் நாட்களில் பள்ளம் பார்த்து இறக்கினாள். தேவையில்லாமல் பிரேக் போட்டாள். "ரோட்டுல என்ன ஆடு மாடா நிக்குது?" என்று அப்பா கேட்டார். ட்ரெய்லர் வாய் திறக்கவில்லை. அப்பா ஓட்ட, அந்தப் பட்டறை இருக்கும் ஊர் வழியாக நான்கு முறை போனார்கள். நான்கு முறையும் வாசலில் பொறி பறந்தது. நான்கு முறையும் அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லிக்கொண்டு இறங்குவது? கோளாறு ஒன்றும் இல்லையே.

பதினான்கு மாதம் கழித்து, ஒரு பகல் வேளையில், பட்டறை அக்கா கண்ணாடிக் கடைக்கு வந்தாள். வீடு மாற்றுகிறார்களாம், குளியலறைக்கு ஒரு கண்ணாடி வேண்டுமாம். சட்டத்தைக் காட்டிக்கொண்டே மகள், கேட்கவே கூடாது என்று நினைத்ததை, தம்பி எப்படி இருக்கிறார் என்று, கேட்டுவிட்டாள்.

தம்பி துறைமுக வேலைக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது என்றாள் அக்கா. ஓர் இடத்தில் சம்பந்தம் பேசி வைத்திருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான். பிறகு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ வருவேன்னு இருந்தான்மா. எந்த ட்ரெய்லர் சத்தம் கேட்டாலும் மிஷினை நிறுத்திட்டு எந்திரிச்சு வாசலுக்குப் போவான்."

"சத்தம் வரலக்கா... இரும்புல நானே செஞ்சு போட்டுட்டேன்."

அக்கா கையிலிருந்த சட்டத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கே அவன் பையில இரும்பு ஆப்பு இருந்துச்சு. வேணும்னேதான் மரத்துல வச்சான். ரெண்டு வாரத்துல ஆடும், அப்ப திரும்பி வருவாங்கன்னு... இத்தனை வருஷத்துல அவன் அரைகுறையா செஞ்ச வேலை அது ஒண்ணுதான்."

கடை முழுக்க நிலைக்கண்ணாடிகள். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அழுகிற முகம் ஒன்று நின்றது.

அக்கா போனபின், வைர முனையால் கண்ணாடி கீறிக்கொண்டிருந்த அப்பா, கீறுவதை நிறுத்தினார்.

"நான் சொன்னதுக்காகவா போகாம இருந்தே?"

"ரிப்பேருக்குப் போகக் கூடாதுன்னுதான்பா சொன்னீங்க. சும்மா போகக் கூடாதுன்னு சொல்லல... எனக்குத்தான் சும்மா போகத் தெரியல."

அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். துறைமுக விடுதியின் முகவரி. அக்காவை வழியனுப்புகிற சாக்கில் வாசலில் நின்று வாங்கியிருக்கிறார்.

"கொக்கியிலதான் கோளாறுன்னு அந்தத் தம்பி சொன்னது சரிதான்... அன்னிக்கே ஒத்துக்கிட்டிருக்கணும். அதையும் எழுதிடு."

அன்று பிற்பகல் அவள் கடை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். மூன்று தாளைக் கிழித்தாள். நான்காவதில், தேதியும் முகவரியும் போட்டு, இவ்வளவுதான் நின்றது.

'எங்கள் ட்ரெய்லர் இப்போது சத்தம் போடுவதில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒன்பது அட்டைக் கனத்துக்கு நானே இரும்பு வைத்தேன். அதனால்தான் வரவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்டதற்காக இன்று வரை வருந்துகிறேன். கொக்கி பற்றி நீங்கள் சொன்னது சரி என்று அப்பா எழுதச் சொன்னார். உங்களைப் பிடித்திருக்கிறது என்பதை நானாகவே எழுதுகிறேன். நீங்கள் வேறு இடத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தால் இந்த மரத்துண்டை எறிந்துவிடுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன். சொல்லவில்லை என்றால்... சத்தம் வராமலே வரலாமா?'

வளையல் பெட்டியிலிருந்து மரத்துண்டை எடுத்தாள். ஒரு பக்கம் இரும்பு தேய்த்துப் பளபளத்திருந்தது. கடிதத்தோடு உறைக்குள் போட்டு, பசை தடவி, ஓரத்தை விரலால் இரண்டு முறை அழுத்தினாள். அப்பா ஜீப்பை எடுத்தார். தபால் நிலையத்தில் எடை போட்டவர், உறையைத் தடவிப் பார்த்து உள்ளே என்ன என்று கேட்டார். மரத்துண்டு என்றாள். அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தபால்தலைகளைக் கொடுத்தார்.

ஒட்டினாள். வாசலில் இருந்த பெட்டியின் வாயில் உறையை வைத்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விட்டாள்.

உள்ளே, பெட்டியின் அடித்தகட்டில் மரம் மோதி, டொக் என்று ஒரே ஒரு சத்தம் கேட்டது.