அலகில் ஈரம்

வாள் சுருளின் குறுக்கே போனதை அவன் பார்த்தான். ஆனாலும் சுருள் முழுசாக நின்றது.

பழைய பாய்களைத் துண்டு போட்டு இறுகச் சுருட்டி, முந்தைய இரவே தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டிருந்தான். இன்று சாயங்காலம் வீட்டுப் பின்புறத்தில் மூன்று முளைகள் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சுருளைச் செருகினான். ஜப்பானிய வாளை இப்படித்தான் சோதிக்க வேண்டும், ஊறிய பாய் சதையைப்போல எதிர்க்கும் என்று படித்திருந்தான். முதல் சுருளின் குறுக்கே வாளைச் சாய்வாக வீசியபோது கைப்பிடியில் அதிர்வில்லை, காதில் சத்தமில்லை, ஊறிய நாரின் சேற்று வாசனை மட்டும் கொஞ்சம் கூடியது. சுருளில் ஒரு கீறல்கூட இல்லை. தூரம் தவறி வெறும் காற்றை வெட்டியிருக்கிறோம் என்று நினைத்தபடி வாளைத் திருப்பிப் பார்த்தான். அலகின் இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு நனைந்திருந்தது.

அவன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் தரச் சோதகன். எத்தனை கிலோ ஏற்றினால் பெட்டி நசுங்கும், எத்தனை முறை போட்டால் மூலை கிழியும் என்று பதினேழு வருடமாகப் பார்த்து எழுதுகிறவன். எதையும் மூன்று முறை சோதிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்க வேண்டும். அது கைக்கே பழகிப்போயிருந்தது. சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தான்.

4.05. பாய், ஒன்று. வெட்டவில்லை. அலகில் ஈரம்.

வாளை இணையத்தில் வாங்கியிருந்தான். ஒரு ஜோடி நல்ல செருப்பின் விலைதான். கறுப்பு உறை, கைப்பிடியில் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய நாடா. வாங்கியவர்களில் ஒரே ஒருவர்தான் கருத்து எழுதியிருந்தார்: 'சுத்த ஏமாற்று. எதையும் வெட்டாது.' அதன் கீழே விற்றவரின் பதில்: 'கொஞ்சம் நேரம் கொடுங்கள்.'

இரண்டாவது சுருள், 4.08. மூன்றாவது, 4.11. இரண்டும் அசையவில்லை. 4.16-க்கு இடது கட்டைவிரல் நுனியில் அலகை வைத்து மெல்ல இழுத்தான். தோல்கூடக் கீறவில்லை. அதையும் எழுதினான்.

"என்ன, போர் முடிஞ்சுதா?"

மனைவி காய்ந்த துணிகளை எடுக்க வந்திருந்தாள். பள்ளி ஆசிரியை, விடைத்தாள் திருத்திய சிவப்பு மை விரல்களிலும், யோசிக்கும்போது கை வைத்த கன்னத்திலும் ஒட்டியிருந்தது.

"வெட்ட மாட்டேங்குது."

"காய் நறுக்குற கத்தி இருக்கு, கொண்டு வரவா? அதுக்கு ரோஷம் ஜாஸ்தி."

"கிண்டல் பண்ணாத. உதவாத பொருளை என் தலையில கட்டிட்டான்."

"அந்தத் தலைக்கு அது புதுசா என்ன?"

துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்னலை முன்னால் இழுத்து விட்டு, தலை குனிந்து கழுத்தைக் காட்டினாள். "இந்தாங்க மகாராஜா. ஆசை தீர வெட்டிட்டு உள்ள வாங்க. டீ ஆறுது."

"விளையாடாத" என்றான். அவன் எதிலும் ஜாக்கிரதையானவன். ஆனால் மூன்று முறை சோதித்தாயிற்று. தன் விரலிலேயே பார்த்தாயிற்று. குறிப்பேட்டில் இருக்கிறது. அலகை அவள் பின்கழுத்தில் வைத்து ஒரே ஒரு முறை, மயிலிறகால் வருடுவதுபோல இழுத்தான்.

"ஐயோ, சில்லுன்னு இருக்கு." சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை. அவன் கை சட்டைப்பைக்குப் போவதைப் பார்த்தாள். "இதையுமா எழுதுவீங்க?"

4.23. மனைவி, கழுத்து. வெட்டவில்லை.

உறையில் போடும் முன் அலகைத் துடைத்தான். துணியில் லேசாகச் சிவப்பு ஏறியது. அவள் மை கழுத்து வரை போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே அவள் ஜன்னலோரம் மேஜையில் உட்கார்ந்து மறுபடி திருத்தத் தொடங்கினாள். அவன் ஆறிய டீயைக் குடித்துவிட்டு, விற்றவருக்குப் புகார் எழுத உட்கார்ந்தான். விடைத்தாள்கள் புரளும் சத்தம், பேனாவின் கீறல், அடுக்களைக் குழாயின் சொட்டு, சுவர்க் கடிகாரத்தின் முள் ஒவ்வொரு நொடிக்கும் கொஞ்சம் தயங்கி விழுவது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு உரிய சத்தங்கள்தான். அதற்கு நடுவே பின்புறத்தில் ஈரத்துணி மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தான். முதல் சுருளின் மேல்பாதி தரையில் கிடந்தது. முளையில் மிஞ்சியிருந்த பாதி, சாய்வாக, கண்ணாடிபோல வழவழப்பாக வெட்டுப்பட்டிருந்தது. காற்று இல்லை. பூனை இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். 5.05.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சுருளில் முடியைப்போல ஒரு கோடு ஓடியது. மேல்பாதி மெதுவாக, அவசரமே இல்லாமல் வழுக்கி விழுந்தது. 5.08.

குறிப்பேட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் திறந்தான். கடைசி வரியைப் பார்த்துவிட்டு மூடினான்.

மூன்றாவதை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்தான். கன்னத்தை அதன்மேல் அழுத்திக்கொண்டான். தண்ணீர் சட்டைக்குள் இறங்கியது. 5.11. உள்ளங்கைகளுக்கு அடியில் ஏதோ சிலிர்த்தது, தூக்கத்தில் குழந்தை சிலிர்ப்பதுபோல. அவ்வளவுதான். சுருள் விழவில்லை. பிடித்திருக்கும் வரை விழவில்லை. கையைத் தளர்த்தினான். வழுக்கியது.

வாளை வீசியதெல்லாம் பாயின்மேல்தானே. அவளைத் தொட்டதோடு சரி. வெறுமனே தொட்டால் எவ்வளவு ஆழம் போகும்?

அதற்கு ஒரு சோதனை மிச்சம் இருந்தது. இடது கட்டைவிரலை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். நகமும் சதையும் எப்போதும்போல இருந்தன. 5.15. இன்னும் ஒரு நிமிடம். கண் சிமிட்டவில்லை.

கோடு விழுந்தது. நகத்தோடு விரல் நுனி சரிந்து, சின்னதாக ஒரு சத்தத்துடன் ஈரப் பாயின்மேல் விழுந்தது. வலி பிறகுதான் வந்தது. ரத்தம் அதற்கும் பிறகு.

ஏழு நிமிடம்.

ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிடம். வழியெல்லாம் மேடு பள்ளம். போன் செய்தால் என்ன சொல்வது? கழுத்தை இன்னும் வெட்டவில்லை, ஏழு நிமிடத்தில் வெட்டுப்படும் என்றா?

உள்ளே ஓடினான். குறிப்பேட்டை எங்கோ போட்டான். நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவள் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து, கீழ்நோக்கி, நேராக, தோள்களின்மேல் அழுத்தினான்.

"என்னங்க இது, ஈரக் கையோட..."

"திரும்பாத. நேரா உட்காரு. சும்மா அஞ்சு நிமிஷம்."

"தலைவலின்னு நான் சொல்லவே இல்லையே. எப்படித் தெரிஞ்சுது?" அவள் குரலில் சிரிப்பு. "நல்லாத்தான் இருக்கு. அமுக்குங்க. இந்தப் பையன் என்ன எழுதியிருக்கான் பாருங்க, இதயம் ரத்தத்தை யோசிச்சு அனுப்புதாம்."

"தலையை ஆட்டாத."

"உங்க கையிலேருந்து சொட்டுது."

கட்டைவிரலிலிருந்து ரத்தம் அவள் கழுத்தில் வழிந்தது. அவள் அதைத் தண்ணீர் என்று நினைத்தாள். துடைக்க அவனுக்குக் கை இல்லை. கடிகாரம் எதிர்ச் சுவரில் இருந்தது. 5.21. 5.22. முள் தயங்கித் தயங்கி விழுந்தது.

5.23.

உள்ளங்கைகளுக்கு அடியில் ஒரு சிலிர்ப்பு.

அவள் விரல்களிலிருந்து பேனா நழுவி விடைத்தாளில் உருண்டது. கழுத்தைச் சுற்றி இப்போது ஒரு கோடு இருந்ததா, அதன்மேல் வழிவது தன் ரத்தம்தானா என்று அவனால் சொல்ல முடியவில்லை. குனிந்து பார்க்கத் துணிவில்லை.

"ஏங்க" என்றாள். குரல் அதே குரல். ஆனால் பேசும்போது அவள் மார்பு எழவில்லை. "கை மரத்துப்போச்சு. காலும்."

"பேசாத."

"என்ன பண்ணீங்க?"

வெளிச்சம் குறைந்து, ஜன்னல் கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள்: நாற்காலியில் அசையாத உடம்பு, அதன்மேல் அவன் இரண்டு கைகளுக்கு நடுவே அவள் முகம். கண்கள் மட்டும் அசைந்தன. விடைத்தாள்களின்மேல் விரிந்து கிடந்த குறிப்பேட்டுக்குப் போய், கடைசி வரியை இடமிருந்து வலமாக, ஆசிரியை படிப்பதுபோல மெதுவாகப் படித்தன. பிறகு கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தன.

"விட்டுடாதீங்க" என்றாள்.

அவன் முழங்கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன.