நடுக்கதிரை

இந்த உலகத்தில் பேய் என்று ஒன்று கிடையாது, வெளிச்சப் பற்றாக்குறை மட்டுமே உண்டு. ஆகவே நல்ல பிளாஷ் உள்ள ஒரு சின்ன டிஜிட்டல் கமெரா மனிதகுலத்தின் எல்லாப் பயங்களையும் ஒழித்துவிடும் என்பது சோதிலிங்கத்தின் கண்டுபிடிப்பு. சொன்னவன் ரியூஷனில் பௌதிகம் படிப்பிக்கிறவன் என்பதால் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் எவரும் மறுக்கவில்லை.

மாதக்கணக்கான பாவனையில் கமெராவைப் பற்றி அவனுக்கு இரண்டே குறைகள். பற்றரி சீக்கிரம் இறங்குகிறது. அழுத்தியவுடன் எடுக்காமல், ஏதோ யோசித்துவிட்டு எடுக்கிறது.

மூன்றாவது குறை அந்த மாலைதான் தெரிந்தது.

சண்டையில் தரைப்பாதை பூட்டிய பிறகு, தம்பி இராமநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, பஸ் மாறி மாறிக் கண்டிக்கு வந்து சேர்ந்திருந்தான். பொலிஸ் பதிவு இன்னும் கிடைக்கவில்லை; அது இல்லாத வடக்கு இளைஞர்களை இரவில் வாகனம் வந்து ஏற்றிப் போகிற காலம். அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஊரில் அம்மாவுக்குக் காட்ட ஒரு படம் வேண்டும். முன்னறையில் மூன்று பிரம்புக் கதிரை போட்டார்கள். நடுவில் தம்பி, ஒரு பக்கம் சோதிலிங்கத்தின் மனைவி சிவமணி. எடுத்துத்தரக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுப் பாலம்மா கமெராவைத் தொடவே மறுத்துவிட்டாள்.

“மூணு பேரா எடுக்காதீங்க தம்பி. நடுவுல இருக்கிறவங்களுக்கு ஆகாது. ஒரு கல்லயாச்சும் மடியில வச்சு நாலாக்கிருங்க.”

“கல்லுக்கு ஐடென்ரிற்றி காட் இருக்கோ பாலம்மா? இல்லாட்டி செக்பொயின்ற்றில பிடிச்சு வச்சிடுவாங்கள்,” என்றான் சோதிலிங்கம்.

இராமநாதன் வாய்விட்டுச் சிரித்தான். வந்தபின் இதுதான் முதற் சிரிப்பு.

பாலம்மா சிரிக்கவில்லை. “கல்லத் தேடி யாரும் வர மாட்டாங்க,” என்றுவிட்டுப் போனாள்.

சோதிலிங்கம் கதவைத் தாழிட்டான். கமெராவை ரீவிக்கு மேல் வைத்து, தானாக எடுக்கும்படி அழுத்திவிட்டு ஓடிவந்து தம்பியின் தோளில் கைபோட்டான். பிளாஷ் அடித்தது.

படத்தில் அவனுடைய கை வெறுங்காற்றைச் சுற்றி வளைந்திருந்தது. நடுக்கதிரையில் யாருமில்லை. பிரம்பு மட்டும் பாரத்தில் பதிந்திருந்தது.

“ஒளிச்சுப் பழகின பழக்கம், படத்திலயும் ஒளிக்குது அண்ணை,” என்றான் இராமநாதன்.

“பற்றரிக் குறைவு,” என்றான் சோதிலிங்கம்.

மறுபடி எடுத்தார்கள். இம்முறை பிரம்பும் பதிந்திருக்கவில்லை. படத்தில், அவர்களுக்குப் பின்னால், கதவு திறந்து கிடந்தது.

அவன் திரும்பினான். தாழ் போட்டபடியே இருந்தது. கூரைத் தகரத்தில் மழை விட்டுவிட்டு விழ, ஈர மண்ணும் யூகலிப்ரஸ் இலையும் பக்கத்து வீட்டு மண்ணெண்ணெயும் கலந்த வாடை கதவின் கீழிடுக்கால் உள்ளே ஊர்ந்துவர, தூரத்தில் ஏதோ வாகனம் கியரைக் குறைத்துக் குறைத்து ஏற்றத்தில் முனகிக்கொண்டு வருவது கேட்டது.

“இஞ்சேருங்கோ, போதும். விடுங்கோ,” என்றாள் சிவமணி.

“இன்னொருக்கா. ஒரேயொருக்கா.”

எடுத்தான். திறந்த கதவு. அதற்கப்பால், முற்றத்தில், இரண்டு விளக்குகள்.

இன்னொன்று. விளக்குகள் கிட்ட.

பற்றரி சிவப்பில் மினுங்கியது. வாகனம் வளைவில் திரும்பியது.

சோதிலிங்கம் குசினி வழியாக வெளியே போனான். பைப்படியில் கிடந்த கல்லை இரண்டு கையாலும் தூக்கிவந்து, பின்கதவையும் பூட்டிவிட்டு, தம்பியின் மடியில் வைத்தான். காற்சட்டையில் சேற்றுநீர் வழிந்தது. இராமநாதன் சிரிக்கவில்லை. கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

சோதிலிங்கம் கமெராவை அழுத்திவிட்டு வந்து தம்பியின் தோளில் கைபோட்டான். “சிரியுங்கோ,” என்றான். “அம்மா பார்ப்பா.”

கமெராவின் சின்ன விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வெளியே எஞ்சின் நின்றது. கமெரா யோசித்தது.

பிளாஷ்.

அவனுடைய கை வளைந்தபடியே இருந்தது. உள்ளங்கையில் சூடு. துணியில்லை. எலும்பில்லை.

கதவு தாழிட்டபடி.

நடுக்கதிரையில், பிரம்பு பதிய, ஈரக் கல் மட்டும். அதற்கப்பால் சிவமணி, கமெராவைப் பார்த்துச் சிரித்தபடியே.